வேரிலிருந்து மருந்தைப் பிரித்தவர்

முஸ்லிம் விஞ்ஞானிகளைப் பற்றிப் பேச்சு வரும்போது நாங்கள் பெரும்பாலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் போய்விடுகிறோம். ஜாபிர் இப்னு ஹையான், அர்ராஸி, இப்னு ஸீனா என்று பெயர்களை அடுக்குகிறோம். அது எங்களுக்குப் பெருமைதான். ஆனால் எங்கள் பாட்டன்மார் காலத்தில் அயல்நாட்டில் வாழ்ந்து, எங்களுக்குத் தெரிந்த வேம்பையும் மூலிகை வேர்களையும் ஆராய்ந்த ஒருவரை எங்களில் பலருக்குத் தெரியாது. அவர்தான் கலாநிதி சலீமுஸ்ஸமான் சித்தீக்கி. சர்ப்பகந்தா வேரிலிருந்து அஜ்மலின் என்ற மருந்தையும், வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலான கசப்புப் பொருள்களையும் பிரித்தெடுத்தவர். உயர்தர இரசாயனவியலில் நாங்கள் சில பக்கங்களில் படித்து முடித்துவிடும் பங்கீட்டு விதி, இவருடைய ஆய்வுகளுக்கெல்லாம் கைகொடுத்த விதியாகும். அந்தப் பாடத்தைப் படிக்கும் மாணவி என்ற முறையில் அவருடைய வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

சித்தீக்கி 1897 ஒக்டோபர் 19ஆம் திகதி, வட இந்தியாவில் லக்னோவுக்கு அருகிலுள்ள பாராபங்கி மாவட்டத்தின் சுபேஹா என்ற ஊரில் பிறந்தார். இளமையில் அவரை ஈர்த்தவை கவிதையும் எழுத்தணிக் கலையும் ஓவியமும்தான். அலிகார் முஹம்மதன் அங்கிலோ ஓரியண்டல் கல்லூரியில் அவர் படித்துப் பட்டம் பெற்றது மெய்யியலிலும் பாரசீக மொழியிலும். அது 1919ஆம் ஆண்டு. கலைப்பிரிவில் படித்தவர் விஞ்ஞானத்துக்கு வர முடியாது என்று நினைக்கும் தோழியர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

1920இல் மருத்துவம் படிக்கவென இலண்டன் சென்றார். ஓராண்டில் அதை விட்டு ஜேர்மனியின் பிராங்பேர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய் இரசாயனவியலைத் தொடங்கினார். அங்கே யூலியஸ் ஃபொன் பிரவுன் என்ற பேராசிரியரின் கீழ் ஆய்வு செய்து 1927இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆய்வுகூடத்துக்குப் போனபின் தூரிகையை அவர் கைவிடவில்லை. 1924இல் பிராங்பேர்ட்டிலேயே அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதே ஆண்டில் தம்முடன் படித்த ஜேர்மன் பெண்மணி ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார்.

படிப்பு முடிந்ததும் அவர் டில்லிக்குத் திரும்பினார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் ஹக்கீம் அஜ்மல் கான். யூனானி வைத்தியத்தில் நாடறிந்தவர். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை நிறுவியவர்களில் ஒருவர். 1921இல் இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். டில்லியில் ஆயுர்வேதத்தையும் யூனானியையும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கும் திப்பியாக் கல்லூரியை அவர் உருவாக்கியிருந்தார். பழைய வைத்திய நூல்களில் சொல்லப்பட்ட மூலிகைகளை நவீன இரசாயன முறையால் சோதிக்க ஓர் ஆய்வு நிலையம் வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அந்த நிலையத்தின் முதல் பணிப்பாளராக சித்தீக்கி பொறுப்பேற்றார். ஆனால் 1927 டிசம்பர் இறுதியில் ஹக்கீம் சாஹிப் வபாத்தானார். வழிகாட்டி போய்விட்டார், அவர் கொடுத்த பொறுப்பு மட்டும் இருந்தது. சித்தீக்கி 1940 வரை டில்லியிலேயே தங்கி அந்தப் பொறுப்பை நிறைவேற்றினார்.

அவர் கையில் எடுத்தது சர்ப்பகந்தா வேர். யூனானியில் இதை அஸ்ரோல் என்பார்கள். எங்கள் நாட்டில் சிங்கள வைத்தியர்கள் ஏக்கவேரியா என்று அழைப்பதும் இதைத்தான். பாம்புக்கடிக்கும், தூக்கமின்மைக்கும், புத்தி பேதலித்தவர்களுக்கும் இந்த வேரைக் கொடுப்பது இந்தியாவில் நெடுங்கால வழக்கம். வேரில் ஏதோ இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு வேருக்குள் மாப்பொருள், நார், பிசின், எண்ணெய், நிறப்பொருள், உப்பு என்று நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்து கிடக்கும். நோயைத் தொடுவது அவற்றில் எது? கண்ணால் பார்த்துப் பொறுக்கி எடுக்க முடியாத பொருளை எப்படிப் பிரிப்பது? இங்கேதான் எங்கள் பாடம் வருகிறது.

நீரும் ஈதரும் ஒன்றோடொன்று கலக்காத திரவங்கள். இரண்டையும் ஒரு பிரிபுனலில் விட்டால் அடர்த்தி குறைந்த ஈதர் மேலேயும் நீர் கீழேயும் இரண்டு படைகளாக நிற்கும். இரண்டிலும் கரையக்கூடிய ஒரு பொருளை அதில் இட்டுக் குலுக்கினால் அது முழுவதும் ஒரே பக்கம் போவதில்லை. இரண்டு படைகளுக்கும் இடையில் பங்கிடப்படுகிறது. மாறா வெப்பநிலையில், பொருள் இரண்டு படைகளிலும் ஒரே மூலக்கூற்று வடிவில் இருக்குமானால், ஒரு படையிலுள்ள செறிவை மற்றப் படையிலுள்ள செறிவால் வகுத்தால் வரும் எண் மாறுவதில்லை. பொருளைக் கூட்டிப் போட்டாலும் குறைத்துப் போட்டாலும், கரைசல் ஐதாக இருக்கும்வரை அதே எண்தான். அதுவே பங்கீட்டுக் குணகம். 1891இல் இந்த விதியைத் தெளிவாக வகுத்துத் தந்தவர் வோல்ட்டர் நேர்ன்ஸ்ட் என்ற ஜேர்மானியர். நீருக்கும் 2-பியூற்றனோலுக்கும் இடையில் எதனோயிக் அமிலத்தைப் பங்கிட்டு, இரண்டு படைகளையும் சோடியம் ஐதரொட்சைட்டுடன் நியமித்து நாங்கள் செய்யும் பரிசோதனை இதுதான்.

நான் வசிக்கும் கிராண்ட்பாஸை நினைத்துக்கொண்டால் இந்த விதி எனக்கு எளிதாக விளங்குகிறது. எங்கள் பகுதிக்குத் தமிழில் பாலத்துறை என்று ஒரு பெயர் உண்டு. களனி கங்கையைக் கடக்கும் பெரிய துறை இங்கே இருந்ததால்தான் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து கிராண்ட்பாஸ் என்ற பெயரும் வழங்குகிறது. அந்தப் பழைய துறையில் நாள் முழுவதும் மக்கள் இக்கரையிலிருந்து அக்கரைக்கும் அக்கரையிலிருந்து இக்கரைக்கும் கடந்துகொண்டே இருந்திருப்பார்கள். ஒரு கட்டத்தில் ஒரு மணித்தியாலத்தில் போகிறவர்களின் தொகையும் வருகிறவர்களின் தொகையும் சமமாகிவிட்டால், ஒவ்வொரு கரையிலும் உள்ளவர்களின் எண்ணிக்கை மாறாமல் நிற்கும். கடப்பது மட்டும் நிற்காது. அதற்காக இரண்டு கரையிலும் ஒரே அளவு ஆட்கள் இருப்பார்கள் என்றில்லை. சந்தையும் வேலையும் உள்ள கரையில் கூட்டம் அதிகமாக இருக்கும். நீருக்கும் ஈதருக்கும் நடுவே உள்ள எல்லையில் மூலக்கூறுகள் செய்வதும் இதைத்தான். நாங்கள் அதை இயக்கச் சமநிலை என்று எழுதுகிறோம்.

இனி ஒரு சிறிய கணக்கு. 100 மில்லிலீற்றர் நீரில் 1 கிராம் பொருள் கரைந்திருக்கிறது. ஈதருக்குச் சார்பாக அதன் பங்கீட்டுக் குணகம் 4 என்று கொள்வோம். 100 மில்லிலீற்றர் ஈதரை ஒரே தடவையில் சேர்த்துக் குலுக்கினால் நீரில் மீதியாவது 0.2 கிராம். அதே 100 மில்லிலீற்றரை இரண்டாகப் பிரித்து, 50 மில்லிலீற்றராக இரண்டு தடவை குலுக்கினால் மீதி ஏறத்தாழ 0.11 கிராம். நான்காகப் பிரித்து 25 மில்லிலீற்றராக நான்கு தடவை குலுக்கினால் மீதி 0.06 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஈதரின் மொத்த அளவு ஒன்றுதான், பயன் மட்டும் கூடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, மீண்டும் மீண்டும் செய்வதே நல்லது என்று பரீட்சையில் எழுதுகிறோமே, அதன் பொருள் இதுதான். மூலிகை ஆய்வில் இதைச் செய்கிறவருக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதையும் இந்தக் கணக்கிலிருந்தே ஊகிக்கலாம்.

சர்ப்பகந்தாவின் முக்கியப் பொருள்கள் அல்கலோயிட்டுகள் என்ற வகையைச் சேர்ந்தவை. நைதரசன் கொண்ட இவை மூல இயல்புள்ளவை. இவற்றைப் பிரிப்பதற்கு ஒரு பொதுவான முறை உண்டு. வேர்த்தூளை அற்ககோலில் ஊறவைத்து வடித்து, அற்ககோலை ஆவியாக்கினால் பிசின் போன்ற கூழ் மிஞ்சும். அதை ஐதான அமிலத்துடன் சேர்த்தால் அல்கலோயிட்டு உப்பாக மாறி நீரில் கரைந்துவிடும். பிசினும் எண்ணெயும் நீருக்கு வராமல் பின்தங்கும். பிறகு அந்த நீர்ப்படைக்கு அமோனியா சேர்த்தால் உப்பு மீண்டும் மூலமாகும். இப்போது அது நீரை விட்டு ஈதருக்கோ குளோரபோமுக்கோ போக விரும்பும். அமிலத்தையும் மூலத்தையும் மாறி மாறிச் சேர்ப்பதன் மூலம் பொருளின் வடிவை மாற்றி, அதை ஒரு படையிலிருந்து மற்றப் படைக்கு நாம் விரும்பியபடி கடக்க வைக்கலாம். நேர்ன்ஸ்டின் விதியில் ஒரே மூலக்கூற்று வடிவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மனனம் செய்கிறோம் அல்லவா? அந்த நிபந்தனையையே ஒரு கருவியாக்கிக்கொண்டார்கள் மூலிகை இரசாயனவியலாளர்கள்.

1931இல் சித்தீக்கி, ரஃபத் ஹுசைன் சித்தீக்கி என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து சர்ப்பகந்தாவிலிருந்து ஐந்து அல்கலோயிட்டுகளைப் பளிங்குருவில் பிரித்தெடுத்து வெளியிட்டார். அவற்றில் மூன்று வெண்ணிறமானவை, இரண்டு மஞ்சள் நிறமானவை. மஞ்சள் நிறத்தவற்றுக்குச் செடியின் பெயரை ஒட்டி சர்பென்ரின், சர்பென்ரினின் என்று பெயரிட்டார். வெண்ணிறத்தவற்றுக்கு அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிசின் என்று பெயரிட்டார். தமக்கு வழிகாட்டி, ஆய்வின் பயனைக் காணாமலே போய்விட்ட ஹக்கீம் அஜ்மல் கானின் பெயர்தான் அது. இதயத்துடிப்பின் ஒழுங்கின்மையில் அஜ்மலின் பயன்பட்டது. புருகாடா என்ற மறைந்திருக்கும் இதய நோயைக் கண்டறியும் சோதனையில் இன்றும் அது கொடுக்கப்படுகிறது. யூனானி ஹக்கீம் ஒருவரின் பெயரை உலகின் இதய வைத்தியர்கள் உச்சரிக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் இந்தக் கதையில் இன்னொரு பாதி உண்டு. அதையும் எழுதுவதுதான் நியாயம்.

சர்ப்பகந்தா உயர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று அதே 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் எழுதியிருந்தார்கள். பம்பாயில் இதய வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் பல ஆண்டுகள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் அதை வெளியிட்டார். அதன் பிறகுதான் மேல்நாட்டவரின் கவனம் இந்த வேரின்மேல் திரும்பியது. 1952இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த சீபா நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இரத்த அழுத்தத்தைக் குறைத்து மனத்தை அமைதிப்படுத்தும் பொருளைப் பிரித்து அதற்கு ரெசர்பின் என்று பெயரிட்டனர். அது எங்கே இருந்தது தெரியுமா? பளிங்காக வரும் அல்கலோயிட்டுகளை எடுத்த பின் மிஞ்சும் பிசின் பகுதியில்தான். ரெசர்பின் மிகவும் வலிமை குன்றிய மூலம். அமிலம் சேர்த்த உடனே மற்றவற்றைப் போல நீருக்குப் போய்விடும் இயல்பு அதற்கு இல்லை. அந்தப் பிசினுக்குத் தூக்கத்தைத் தரும் ஆற்றல் உண்டு என்பதை 1940களில் இந்திய ஆய்வாளர்களும் கண்டிருந்தார்கள். ஆனால் அதற்குள் இருந்த பொருளைத் தனியே எடுத்துப் பெயர் சூட்டியது பாசலில்தான். ஒரே வேரின் ஒரு பங்கு 1931இல் டில்லியில் வெளிவந்தது. மற்றப் பங்கு 21 ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவில் வெளிவந்தது.

இதற்காக சித்தீக்கியைக் குறை சொல்ல முடியாது. பளிங்குருவில் தூய பொருளாகப் பெற்றதைத்தான் ஓர் இரசாயனவியலாளர் உறுதியாகப் பெயரிட முடியும். பிசுபிசுப்பான ஒரு கலவையிலிருந்து மிகச் சிறிய அளவில் உள்ள பொருளைப் பிரிக்கப் பணமும் கருவிகளும் ஆள்பலமும் வேண்டும். 1930களின் டில்லி நிலையம் எங்கே, பெரிய மருந்து நிறுவனத்தின் ஆய்வுகூடம் எங்கே? ஆனாலும் தொடங்கியது எங்கள் பக்கம், முடித்தது அவர்கள் பக்கம் என்ற எண்ணம் நெஞ்சில் உறுத்தத்தான் செய்கிறது.

1940இல் சித்தீக்கி இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிப் பணிக்கு மாறினார். அங்கே 1942இல் வேப்பெண்ணெயை எடுத்துக்கொண்டார். வேம்பின் கசப்பு நீரில் எளிதில் கரைவதில்லை. ஈதர், பெற்றோலிய ஈதர், எதைல் அசற்றேற்று, ஐதான அற்ககோல் என்று வேறுவேறு கரைப்பான்களை முறையாகப் பயன்படுத்தி நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்ற மூன்று கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். வேம்புக்கு வடமொழியில் நிம்ப என்று பெயர். வேம்பை இரசாயனவியலாளரின் மேசைக்குக் கொண்டுவந்த முதல் பெரிய வேலையாக இது மதிக்கப்படுகிறது.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும் ஒரு வாதம் என் நினைவுக்கு வந்தது. தம்பிக்குக் கொப்புளிப்பான் வந்த நாட்களில் உம்மும்மா பாயில் வேப்பிலை பரப்பித்தான் அவனைப் படுக்க வைத்தார். புறக்கோட்டை காபோஸ் லேனில் மருந்துச் சாமான் வாங்கிவந்து கசாயம் வைத்துக் குடித்தால் எல்லா வருத்தமும் போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை. எங்கள் நானாவோ இவையெல்லாம் மூடநம்பிக்கை, குளிசை மட்டுமே மருந்து என்பார். நான் நடுவில் இருப்பேன். உம்மும்மா சொல்வது முழுவதும் உண்மை என்று ஏற்கவும் மனம் வராது. நானாவைப் போலச் சிரித்துத் தள்ளிவிடவும் முடியாது.

சித்தீக்கியின் வாழ்க்கையைப் படித்த பிறகு இந்த வாதத்தில் எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது. ஹக்கீம்கள் சொன்னதை அவர் மதித்தார். அதனால்தான் அந்த வேரையே தேர்ந்தெடுத்தார். ஆனால் மதிப்போடு நின்றுவிடாமல், எந்தப் பொருள், எவ்வளவு, என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்த்தார். இந்த எவ்வளவு என்ற கேள்வி சிறியதல்ல. ஒரு வேரில் மருந்து கூடுதலாகவும் இன்னொரு வேரில் குறைவாகவும் இருக்கலாம். ரெசர்பின் அளவு மிஞ்சினால் மனச்சோர்வு உண்டாகலாம் என்று பின்னர் கூறப்பட்டது. இன்று உம்மும்மா பாவிக்கும் பிரஷர் குளிசைகள் வேறு வகையைச் சேர்ந்தவை. எனவே சர்ப்பகந்தா நல்லது என்று கேள்விப்பட்டு யாரும் தாமாகவே தூளாக்கிக் குடித்துவிடக் கூடாது. பிரித்தெடுத்து அளந்த பிறகுதான் ஒரு வேர் நம்பத்தக்க மருந்தாகிறது.

நாடு பிரிந்த பின்னர், 1951இல் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானின் அழைப்பை ஏற்று சித்தீக்கி அங்கே சென்றார். 1953இல் அந்நாட்டின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றத்தை உருவாக்கி 1966 வரை தலைமை தாங்கினார். 1961இல் இலண்டன் ரோயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதில், 1967இல் கராச்சிப் பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் இரசாயனவியல் நிறுவகத்தைத் தொடங்கினார். 1990 வரை அதன் பணிப்பாளராக இருந்தார். அப்போது அவருக்கு வயது 90ஐத் தாண்டியிருந்தது. அதன் பிறகும் ஆய்வுகூடத்தை அவர் விடவில்லை. 1994 ஏப்ரல் 14ஆம் திகதி கராச்சியில் வபாத்தானார். வாழ்வின் முதல் ஐம்பத்து மூன்று ஆண்டுகள், ஐரோப்பாவில் படித்த காலம் நீங்கலாக, இந்தியாவிலும் பிந்திய நாற்பத்து மூன்று ஆண்டுகள் பாகிஸ்தானிலும் கழிந்தன. அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு மட்டும் எல்லை இல்லை. அல்லாஹ் அவருடைய பணிகளைப் பொருந்திக்கொள்வானாக.

எங்கள் நாட்டிலும் இந்த வேலைக்கு இடம் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சுதேச மருத்துவ பீடம் இராஜகிரியவில் யூனானியையும் ஆயுர்வேதத்தையும் கற்பிக்கிறது. எங்கள் பல்கலைக்கழகங்களில் இரசாயனவியல் துறைகளும் இருக்கின்றன. இலங்கையின் காடுகளில் மட்டுமே வளரும் செடிகள் பல உண்டு. அவற்றுக்குள் இருப்பதைப் பிரித்துப் பெயரிட வேண்டியவர்கள் நாங்கள்தான். கணிதமோ உயிரியலோ எடுத்திருக்கும் எங்கள் கல்லூரித் தோழியருள் ஒருவராவது இந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. இன்ஷா அல்லாஹ், அந்த ஒருவராக நானும் இருக்க முயல்வேன்.

தோழியரே, ஆய்வுகூடத்தில் பிரிபுனலைத் திறந்து ஒரு படையை எடுத்த பிறகு, மற்றப் படையை உடனே ஊற்றிவிட வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். பெயர் எழுதி ஒட்டி ஒரு பக்கம் வைத்துவிட்டு, எது எந்தப் படையில் இருக்கிறது என்று உறுதியான பின்னரே கழிவுக்குப் போட வேண்டும். முன்பெல்லாம் இது பரிசோதனை அறையின் ஒரு சிறிய ஒழுங்கு என்றுதான் நினைத்தேன். பாசலில் பிசினுக்குள்ளிருந்து ரெசர்பின் வந்த கதையைப் படித்த பிறகு அந்தச் சிறிய காகிதத் துண்டில் பெயர் எழுதும்போது கவனமாக எழுதுகிறேன்.